ராரோதோங்கா லகூன்ல அம்மாவோட

மலேசியாவுல பாகான் டத்தோ பக்கம் பொறந்து வளர்ந்தவங்களுக்கு கடல்னா பழுப்பு கலர்தான். இந்தப் பக்கம் பெர்ணாம் ஆறு, அந்தப் பக்கம் பேராக் ஆறு, ரெண்டும் மேலருந்து அள்ளிட்டு வர்ற சேத்தை இங்கதான் கொண்டாந்து கொட்டுது, கரை முழுக்க பாக்காவ்னு சொல்ற சதுப்புநிலக் காடு, கால வச்சா முட்டி வரைக்கும் உள்ள போகும். நண்டு கெடைக்கும், எறா கெடைக்கும், கெராங்னு சொல்ற சிப்பி கெடைக்கும், ஆனா அந்தத் தண்ணிக்குள்ள என்னதான் நடக்குதுன்னு கண்ணால பாத்தவங்க எங்க ஊர்ல யாருமே கெடையாது. ஊத்தான் மெலிந்தாங் தோட்டத்துப் பிள்ளைங்க நீச்சல் கத்துக்கிட்டதெல்லாம் தென்னந்தோட்டத்து வாய்க்கால்லதான், அதுவும் ஆம்பளப் பசங்க மட்டும், பொம்பளப் பிள்ளைங்க கரையில உக்காந்து துணி தொவைக்கிறதோட சரி. எங்க அம்மா அந்தத் தோட்டத்துலயே பொறந்து அங்கயே கொப்பரைக் கொட்டகையில வேலை செஞ்சு ஓய்வானவங்க, 60 வயசைத் தாண்டியும் இடுப்புக்கு மேல தண்ணியில எறங்கினதே இல்ல. அந்த அம்மா பசிபிக் கடலுக்கு நடுவுல ஒரு தீவோட ஆழமில்லாத லகூன்ல குப்புறப் படுத்து மெதந்துக்கிட்டு மீன் பாத்தாங்க, அதத்தான் இங்க எழுதப் போறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

தம்பி குடும்பத்தோட ஆக்லாந்துல இருக்கான். ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டே இருந்தான், "அக்கா, அம்மாவ கூட்டிட்டு வாங்க, இங்கருந்து ராரோதோங்கா நாலு மணி நேரம்தான், எல்லாரும் சேந்து போலாம்"னு. குக் தீவுகள்னு ஒரு நாடு, மொத்தம் 15 தீவு, அதுல பெருசு ராரோதோங்கா, தலைநகரம் அவாருவா அங்கதான் இருக்கு. நியூசிலாந்தோட சேந்து இருக்கிற தன்னாட்சி நாடு, புழங்குற காசும் நியூசிலாந்து டாலர்தான், கூடவே அவங்களே அடிச்ச முக்கோணமான 2 டாலர் காசும் 3 டாலர் நோட்டும் உண்டு, அந்த நோட்டுல ஒரு பொண்ணு சுறாமீன் மேல ஏறிப் போறா, அம்மா அதுல ஒண்ண பத்திரமா எடுத்துட்டு வந்து இப்ப சாமி மேடையில வச்சிருக்காங்க.

கோலாலம்பூர்லருந்து ஆக்லாந்துக்கே பத்து மணி நேரத்துக்கு மேல ஆகுது. அங்கருந்து ராரோதோங்கா போறப்ப நடுக்கடல்ல தேதிக் கோட்டைத் தாண்டுறோம், அதனால சனிக்கிழமை ஏறினவங்க வெள்ளிக்கிழமை போய் எறங்குறோம், நம்ம மலேசிய நேரத்துக்கு 18 மணி நேரம் பின்னாடி. அம்மா வெள்ளிக்கிழமை கவிச்சி தொடமாட்டாங்க, முந்தின நாள்தான் ஆக்லாந்துல வெரதம் முடிச்சாங்க, இங்க வந்தா மறுபடியும் வெள்ளிக்கிழமை. "அம்பாள் இன்னொரு நாள் குடுத்திருக்கா, இருக்கட்டும்"னு சொல்லிட்டு அன்னைக்கும் சைவம்தான். தங்கின வீட்டுக்காரம்மா உடனே ருகாவ்னு ஒண்ணு செஞ்சு குடுத்தாங்க, சேப்பங்கீரைய தேங்காப்பால்ல நல்லா கொழைய வேக வச்சது. அம்மா ஒரு வாய் வச்சதும் என்னைப் பாத்தாங்க. நம்ம வீட்டுச் சாப்பாடுதான், மொளகாயும் தாளிப்பும் மட்டும்தான் இல்ல.

அந்த வீட்டுக்காரம்மா தேங்கா துருவினத நான் மறக்கவே மாட்டேன். தாழ்வான பலகை, அதுல ஒரு பக்கம் குதிரை ஏர்ற வாக்குல கால போட்டு உக்காந்து, முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிற பல்லு வச்ச இரும்புல மூடிய வச்சு சுத்திச் சுத்தி துருவுறாங்க, துருவல் கீழ ஏனத்துல விழுது. எங்க பாட்டி வீட்ல இருந்த அதே பலகை. அம்மா பேசாம போய் அவங்க பக்கத்துல நின்னாங்க, அவங்களும் ஒண்ணும் கேக்காம எழுந்து எடம் விட்டாங்க, அம்மா உக்காந்து ஒரு மூடிய ஓட்டுல ஒரு துளி வெள்ளை இல்லாம துருவி வச்சாங்க. ரெண்டு பேருக்கும் பொதுவான பாஷைன்னு ஒண்ணும் கெடையாது, அம்மாவுக்கு தமிழும் மலாயும்தான், ஆனா அதுக்கப்புறம் ரெண்டு பேரும் காலையில அடுப்படியில ஒண்ணாத்தான் இருந்தாங்க. அங்கயும் ஒரு காலத்துல கொப்பரை காய வச்சு கப்பல்ல அனுப்பினவங்கதான், ஓட்டுலருந்து பருப்ப நெம்பி எடுக்கிறது எப்படின்னு கையாலயே ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்க.

இன்னொண்ணு, நம்ம சுக்கூன், அதான் சீமைப்பலா. அங்க குருன்னு சொல்றாங்க, வீட்டுக்கு வீடு மரம் நிக்குது. இந்த மரத்துக்கு ஒரு கதை இருக்கு, தோட்டத்து ஜனங்க தெரிஞ்சுக்க வேண்டிய கதை. கரீபியன் தீவுகள்ல கரும்புத் தோட்டத்துல அடிமைங்களுக்கு செலவில்லாம சாப்பாடு போடணும்னு, தஹீதிலருந்து சுக்கூன் கன்னுங்கள அள்ளிட்டு வரச் சொல்லித்தான் பிரிட்டன் வில்லியம் பிளைங்கிற கேப்டனை அனுப்புச்சு. அந்தப் பயணத்துலதான் 1789 ஏப்ரல்ல அவர் குக் தீவுகள்ல ஒண்ணான ஐதுதாக்கி தீவைப் பாத்தாரு, சில நாள்லயே தொங்கா பக்கத்துல மாலுமிங்க கலகம் பண்ணி அவரை ஒரு சின்ன படகுல எறக்கி விட்டுட்டாங்க. அப்புறம் ரெண்டாவது தடவை போய் 1793ல கன்னுங்கள கொண்டு போய் சேத்துட்டாரு. தோட்டத்துல வேலை செய்றவன் வயித்துக்கு என்ன போடறதுன்னு எங்கயோ லண்டன்ல உக்காந்து முடிவு பண்ணினது, ரேஷன் அரிசி வாங்கின நம்ம ஆளுங்களுக்கு இது புதுசில்ல.

தீவைச் சுத்தி ஒரே ரோடு, 32 கிலோமீட்டர். பஸ்ஸும் ரெண்டு தெசையிலதான், கடிகாரம் சுத்துற பக்கம் ஒண்ணு, எதிர்ப்பக்கம் ஒண்ணு, எதுல ஏறினாலும் திரும்ப ஏறின எடத்துக்கே வந்துடும். அந்த பஸ்ல போறப்பதான் அம்மா கவனிச்சாங்க, நெறைய வீட்டு வாசல்ல கல்லறை, வெள்ளையடிச்சு, பூ வச்சு, சிலதுக்கு மேல கூரை கூட போட்டு. எதுக்குன்னு கேட்டா, அங்க பூர்வீக நெலத்த விக்க முடியாது, சட்டப்படி முடியாது, குத்தகைக்கு விடலாம், அதுவும் 60 வருஷத்துக்கு மேல இல்ல. குடும்பத்து நெலம் குடும்பத்துக்கே, செத்தவங்களும் அதே மண்ணுலதான். அம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. எங்க தோட்டம் கைமாறினப்ப நாங்க குடியிருந்த லயத்து வீட்ட காலி பண்ணச் சொல்லிட்டாங்க, தாத்தாவ பொதைச்ச எடம் இப்ப செம்பனைக்குள்ள எந்தப் பக்கம் இருக்குன்னு அம்மாவுக்கே அடையாளம் தெரியாது. "செத்தும் வாசல்லயே இருக்காங்க பாரு, குடுத்து வச்சவங்க"ன்னாங்க, அவ்வளவுதான்.

இத ஏன் சொல்றேன்னா, இந்த நெலக் கணக்கு கரையோட முடியல, லகூனுக்குள்ளயும் போகுது. பழைய காலத்துலருந்தே தீவைத் துண்டு துண்டா பிரிச்சிருக்காங்க, தாப்பெரேன்னு பேரு, ஒவ்வொரு துண்டும் நடு மலையில ஆரம்பிச்சு, ஓடை எறங்குற பள்ளத்தாக்கு, சேம்பு வயல், வீடு, மணல், லகூன், கடைசியில பவளப்பாறை வரைக்கும். மலையில என்ன செஞ்சாலும் அது பாறைக்கு வந்து சேரும்னு தெரிஞ்சு போட்ட பிரிப்பு. எனக்கு அந்த ஊர்ல ரொம்பப் புடிச்ச விஷயம் இதுதான்.

சரி லகூனுக்கு வர்றேன். லகூன்னா பவளப்பாறைக்கும் கரைக்கும் நடுவுல நிக்கிற ஆழமில்லாத தண்ணி. நம்ம பக்கம் கடல்தண்ணி தோட்டத்துக்குள்ள வராம இருக்க மண்ணால பண்டு கட்டியிருப்பாங்கல்ல, அந்த வேலையத்தான் அங்க பவளப்பாறை செய்யுது. கரையில நின்னு பாத்தா தூரத்துல ஒரு வெள்ளைக் கோடு, அங்கதான் பசிபிக் மொத்தமும் வந்து ஒடையுது, சத்தம் ராத்திரி படுத்திருக்கிறப்பவும் கேக்கும், ஆனா கோட்டுக்கு இந்தப் பக்கம் பெரிய அலையே கெடையாது, பல எடத்துல இடுப்பளவு நெஞ்சளவுதான் தண்ணி. இது எப்படி வந்துச்சுன்னு சார்லஸ் டார்வின் 1842லயே எழுதி வச்சாரு: கடலடியிலருந்து எரிமலை எழும்பும், அதச் சுத்தி கரையோரமா பவளம் வளரும், எரிமலை நாளாவட்டத்துல கீழ எறங்கிக்கிட்டே போகும், பவளம் வெளிச்சத்துக்காக மேல வளந்துக்கிட்டே இருக்கும், கடைசியில மலை மறைஞ்சு போய் வளையம் மட்டும் நிக்கும். 1952ல பசிபிக்ல எனெவெதாக்ங்கிற வளையத் தீவுல தொளை போட்டுப் பாத்தா 1,200 மீட்டருக்கு மேல வெறும் பவளச் சுண்ணாம்பு, அதுக்கு அடியில எரிமலைப் பாறை, அவர் சொன்னது சரிதான். குக் தீவுகள்ல அந்த மூணு கட்டத்தையும் ஒரே நாட்டுல பாக்கலாம், ராரோதோங்கால மலை இன்னும் ஒசரமா நிக்குது, ஐதுதாக்கில முக்காவாசி எறங்கிடுச்சு, வடக்க மனிஹிக்கி, பென்ரின் பக்கம் வளையம் மட்டும்தான்.

நாங்க எறங்கினது தெக்குப் பக்கம் திதிகாவேக்காகிட்ட, திகியோக்கின்னு ஒரு எடம். அம்மா நீளக்கை டி-ஷர்ட்டும் ட்ராக் சூட்டும் போட்டுக்கிட்டாங்க, இதுதான் சரி, வெயிலுக்கு முதுகு வெந்துடும், க்ரீமை அப்பிக்கிட்டு எறங்குறதவிட துணிய போட்டுக்கிறது பவளத்துக்கும் நல்லது. சில க்ரீம்ல இருக்கிற ஆக்ஸிபென்சோன் பவளத்துக்கு ஆகாதுன்னு பலாவ் 2020லயும் ஹவாய் 2021லயும் தடை போட்டாங்க. காலுக்கு ரப்பர் ஷூ கண்டிப்பா வேணும், கல்லு மீன்னு ஒண்ணு இருக்கு, பாக்க கல்லுதான், முதுகு முள்ளுல வெஷம்.

தம்பி மக பள்ளியில நீச்சல் கத்துக்கிட்டவ, பத்து வயசு, அவதான் பாட்டிக்கு வாத்தியார். "பாட்டி, மொதல்ல மாஸ்க்க வார் மாட்டாம மூஞ்சில வச்சு மூக்கால மூச்ச இழுங்க, கைய விட்டாலும் ஒட்டிக்கிட்டு நின்னா அதுதான் உங்க சைஸ்." அம்மாவுக்கு முன்முடி மாஸ்க்குக்குள்ள மாட்டிக்கிட்டே இருந்துச்சு, ஒரு முடி இருந்தாலும் தண்ணி உள்ள வரும், அதனால தலைய நல்லா இழுத்துக் கட்டி விட்டோம். கண்ணாடிக்கு உள்பக்கம் எச்சி தடவி கழுவினா ஆவி படியாது. அப்புறம் இடுப்பளவு தண்ணியில நின்ன எடத்துலயே குனிஞ்சு மூஞ்சிய மட்டும் வைக்கிறது, வாயில கவ்வின குழாய் வழியா மூச்சு, மெதுவா இழுத்து மெதுவா விடணும், அதுலதான் எல்லாமே இருக்கு. அம்மா மூஞ்சிய வச்ச ஒடனே எழுந்துட்டாங்க. மூக்கு அடைச்சிருக்கிறதால மூச்சே நின்னு போச்சுன்னு ஒரு பயம் வரும், எனக்கும் வந்துச்சு, அது ஒடம்போட பழக்கம், பத்து மூச்சு தாங்கிட்டா போயிடும். நான் ஒரு பக்கம் கையப் புடிச்சுக்கிட்டேன், லைஃப் ஜாக்கெட் மாட்டியிருந்தாங்க, சின்னவ இன்னொரு பக்கம். மறுபடி வச்சாங்க, எழுந்தாங்க, வச்சாங்க. அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல. கால் தானா தரையிலருந்து மேல வந்துச்சு, என் கைய புடிச்சிருந்த புடி தளந்துச்சு, குழாய் வழியா மூச்சு சத்தம் சீரா வருது. உள்ளருந்து குழாய்லயே "ஊஊ"ன்னு ஒரு சத்தம் குடுத்தாங்க, வெரல நீட்டிக் காட்டுறாங்க, நானும் மூஞ்சிய வச்சுப் பாத்தா கிளிமீன் ஒண்ணு, பச்சையும் ரோஸும் நீலமும், பாறைய கடிச்சுக்கிட்டு இருக்கு. கடிக்கிற சத்தம் தண்ணிக்குள்ள தெளிவா கேக்குது, கறுக் கறுக்னு. அது பவளக்கல்லைக் கடிச்சு அதுல இருக்கிற பாசிய தின்னுட்டு மிச்சத்த பின்னாடி வெள்ளை மணலா விட்டுட்டுப் போகுது, நாம கால் வச்சு நடக்கிற மணல்ல பெரிய பங்கு அந்த மீன் வயித்துக்குள்ள போய் வந்ததுதான். அது மணல விடுறதையும் அம்மா பாத்தாங்க, பொகையா எறங்கி அடங்குச்சு.

மத்த மீனையெல்லாம் எழுதி மாளாது. கறுப்புக் கோடு போட்ட கூட்டம் ஒண்ணு எங்கள சுத்தியே வந்துச்சு, மஞ்சள் பட்டர்ஃப்ளை மீனுங்க எப்பவும் ஜோடி ஜோடியா, நீல நட்சத்திர மீன் அஞ்சு கையையும் பரப்பிப் படுத்திருக்கு, பாறைச் சந்துல விலாங்கு வாயத் தொறந்து தொறந்து மூடுது. கறுப்பா கடல் அட்டைங்க மணல்ல எங்க பாத்தாலும் கெடக்கு, "இதுதானே லங்காவியில விக்கிற காமாட்"னு அம்மா கண்டுபுடிச்சாங்க, அதே வகையறாதான், மணல முழுங்கி அதுல இருக்கிற அழுக்கத் தின்னுட்டு சுத்தமா வெளிய விடற வேலை அதுக்கு.

திகியோக்கில மட்டும் மீன் அவ்வளவு இருக்கிறதுக்கு காரணம் இருக்கு. அது ராஉய் எடம். ஊர்த் தலைவர்கள் சேந்து, இந்த எடத்துல இனிமே யாரும் புடிக்கக் கூடாது, எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா சொன்னதுதான், போலீஸ் இல்ல, வேலி இல்ல. பழைய வழக்கம், நடுவுல தேஞ்சு போயிருந்தத 1998ல கோவுத்து நுய்ங்கிற பாரம்பரியத் தலைவர்கள் சபை ராரோதோங்கால திரும்பக் கொண்டாந்துச்சு. அப்புறம் 2017ல நாட்டோட மொத்தக் கடலையும், கிட்டத்தட்ட 19 லட்சம் சதுர கிலோமீட்டர், மராயி மோவானான்னு சட்டம் போட்டு பாதுகாப்புக்குள்ள வச்சாங்க. எல்லாம் நல்லாத்தான் நடக்குதுன்னு சொல்ல வரல. கெழக்குப் பக்கம் மூரி லகூன்ல, ஓட்டலுங்க அதிகமா இருக்கிற எடத்துல, கழிவுத் தொட்டித் தண்ணியும் பன்னிக் கொட்டாய் கழிவும் நெலத்தடியா ஊறி உள்ள போய் பாசி மண்டிப் போச்சு, அத சரி பண்ண 2017ல அரசாங்கம் தனித் திட்டமே ஆரம்பிச்சாங்க. மலையிலருந்து பாறை வரைக்கும் ஒரே துண்டுன்னு பாட்டன் காலத்துல போட்ட கணக்கு எவ்வளவு சரின்னு அங்க நின்னு பாத்தப்ப புரிஞ்சுச்சு.

இந்த எடத்துல ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். லகூன் அமைதியா இருக்குன்னு எங்க வேணும்னாலும் எறங்கிடாதீங்க. பாறைக்கு மேல அலை அடிச்சு உள்ள தள்ளுற தண்ணி எல்லாம் வெளிய போக வழி வேணும்ல, பாறையில அங்கங்க ஒரு ஒடைப்பு இருக்கும், பாசேஜ்னு சொல்வாங்க, மொத்தத் தண்ணியும் அது வழியாத்தான் வெளிய ஓடும். தெக்க அவாவாரோவா பாசேஜ்ல ஆமை பாக்கலாம்னு எல்லாரும் போறாங்க, ஆமை இருக்கிறது நெசம், ஆனா அந்த இழுப்புல நல்லா நீந்துறவங்களே மாட்டியிருக்காங்க, உயிரும் போயிருக்கு. அங்க அந்த ஊரு ஆளு இல்லாம போகாதீங்க. நாங்க போகல. அம்மாவ வச்சுக்கிட்டு போறதுக்கில்ல, ஆமைய பாக்காம வந்ததுல எங்க யாருக்கும் கொறையும் இல்ல.

ஐதுதாக்கிக்கு சின்ன ப்ளேன்ல முக்கா மணி நேரம். மேலருந்து பாக்கிறப்ப முக்கோணமா லகூன், ஓரத்துல குட்டிக் குட்டி மணல் தீவுங்க, அந்த நீலத்த என்னால எழுத முடியல, போட்டோலயும் வரல. அங்க அகாயாமின்னு ஒரு குட்டித் தீவு, 1950கள்ல ஆக்லாந்துலருந்து தஹீதி போற கடல் விமானம் தண்ணியிலயே எறங்கி எண்ணெய் போடுற எடம், அது வரைக்கும் பயணிங்க லகூன்ல குளிச்சுக்கிட்டு இருப்பாங்களாம். தண்ணிக்குள்ள பெரிய சிப்பிங்க, அம்மா விரிச்ச கையவிட அகலம், ஒதடு ஊதாவும் பச்சையுமா நெளியுது, நம்ம நெழல் மேல பட்டதும் மெதுவா மூடிக்கும். அழிஞ்சு போயிடக் கூடாதுன்னு அரசாங்க மீன்வளத் துறை அங்கயே குஞ்சு பொரிக்க வச்சு வளத்து விடறாங்க.

ஒரு நாள் சாயங்காலம் அம்மா கேட்டாங்க, நம்ம கடல் மட்டும் ஏன் இப்படி இல்லன்னு, கொஞ்சம் மனவருத்தமா. நான் படிச்சத சொன்னேன்: மா, தண்ணி இவ்வளவு தெளிவா இருக்குன்னா அதுல மெதக்குற சாப்பாடு ரொம்பக் கம்மின்னு அர்த்தம். பவளம் அந்த ஏழைத் தண்ணியில பொழைக்கிறதே ஒடம்புக்குள்ள ஒரு பாசிய குடி வச்சு, அது வெயில்ல செய்ற சாப்பாட்ட வாங்கித் தின்னுதான். நம்ம பழுப்புத் தண்ணியில மண்ணு இருக்கு, எலை மக்கினது இருக்கு, அதனாலதான் எறா இருக்கு, நண்டு இருக்கு, கெராங் இருக்கு, பாக்காவ் வேருக்குள்ளதான் எத்தனையோ மீன் குஞ்சுங்க வளருது. அது வேற கடல், இது வேற கடல். அம்மா யோசிச்சுட்டு, "அப்ப நம்மளுது சோறு போடற கடல்"னாங்க. ஆமாம்மா. அந்த சோறு போடற கடலுக்கு, இந்த எடத்த இந்த வருஷம் யாரும் தொடக்கூடாதுன்னு சொல்ல நம்ம கரையில யாருக்கு உரிமை இருக்குன்னு நான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன். தோட்டத்து ஆளுக்கு வீட்டு மண்ணே சொந்தமில்லாம போச்சு.

போக நெனைக்கிறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. மே மாசத்துலருந்து அக்டோபர் வரைக்கும் மழை கம்மி, தண்ணி கொஞ்சம் குளிரும், புயல் சீசன் நவம்பர்ல ஆரம்பிக்கும். சாமான் வெல அதிகம், பாதி நியூசிலாந்துலருந்து வருது, மசாலா பாக்கெட் கொண்டு போறதா இருந்தா எறங்கின ஒடனே ஃபார்ம்ல எழுதிக் காட்டிடுங்க, ஆக்லாந்துல ரொம்ப கண்டிப்பு. ஞாயித்துக்கிழமை கடையெல்லாம் முக்காவாசி அடைப்பு, சர்ச்சுக்குப் போய் ஒரு ஓரமா உக்காந்து அவங்க பாடறத கேளுங்க, மைக் கெடையாது, ஆம்பள கொரலும் பொம்பள கொரலும் மோதி மோதி மேல போகும், அம்மா கைகூப்பி உக்காந்திருந்தாங்க முடியற வரைக்கும். மாஸ்க்கு மட்டும் சொந்தமா வாங்கிட்டுப் போங்க, வாடகைக்கு எடுக்கிறது மூஞ்சிக்கு சரியா ஒக்காராது. வயசானவங்களையும் கூட்டிட்டுப் போங்க, கரையில பை காக்க உக்கார வைக்காதீங்க.

ஜூலைலருந்து அக்டோபர் வரைக்கும் பாறைக்கு அந்தப் பக்கம் திமிங்கலம் வருமாம், கரையில நின்னாலே பாக்கலாம்னு தம்பி அடுத்ததுக்கு இப்பவே கூப்பிட ஆரம்பிச்சுட்டான். அம்மா பாஸ்போர்ட் முடியப் போகுது, தெலுக் இந்தான் போய் புதுப்பிக்கணும், தேதி கேட்டு ரெண்டு நாளா என்னைய விடல.